புரை முற்றும்வரை காத்திருக்க வேண்டுமா? கண் மருத்துவர் பதில்கள்

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது, இரண்டு கண்ணிலும் புரை. "இன்னும் முற்றவில்லை, நன்றாக முற்றியதும் எடுத்துக்கொள்ளலாம்" என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். எவ்வளவு நாள் பொறுக்கலாம், டாக்டர்?

பொறுக்கவே வேண்டாம். கிராமங்களில் புரை ஆபரேஷனைக் கெடுக்கும் முதல் விஷயம் இந்த "முற்றட்டும்" தான் என்பேன். ஒரு காலத்தில் அதில் நியாயம் இருந்தது. புரை விழுந்த லென்ஸை எடுத்துவிட்டால் உள்ளே வைக்க வேறு லென்ஸ் கிடையாது, வாழ்நாள் முழுக்க சோடாபுட்டிக் கண்ணாடிதான் கதி. அதனால் பார்வை அநேகமாகப் போன பிறகுதான் கத்தியை எடுத்தார்கள். 1949-ல் லண்டனில் ஹெரால்ட் ரிட்லி முதல் செயற்கை லென்ஸைக் கண்ணுக்குள் வைத்தார். போர் விமானிகளின் கண்ணுக்குள் தெறித்த அக்ரிலிக் துண்டுகள் பெரிய அழற்சி இல்லாமல் அப்படியே கிடப்பதைக் கவனித்ததில் பிறந்த யோசனை அது. இன்று அந்த லென்ஸ் சாதாரண விஷயமாகிவிட்டது, காத்திருந்ததற்கான காரணம் போய்விட்டது, பேச்சு மட்டும் போகவில்லை.

அப்பாவுக்கு அன்றாட வேலை தடைப்படுகிறதா என்று மட்டும் பாருங்கள். அந்தி நேரத்தில் வரப்பில் தடுமாறுகிறாரா, எதிரே வருபவர் யாரென்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறாரா, ரூபாய் நோட்டை உங்களிடம் நீட்டி எவ்வளவு என்று கேட்கிறாரா? அப்படியென்றால் நேரம் வந்துவிட்டது. விட்டுவைத்தால் லென்ஸ் பழுப்பேறிக் கல் மாதிரி இறுகும், எடுப்பது சிரமம். சிலருக்கு அது ஊதிப் பெருத்து முன்னால் தள்ளும், அல்லது உள்ளிருக்கும் புரதம் கசிந்து வெளியேறும். இரண்டிலும் கண் அழுத்தம் திடீரென்று ஏறிவிடும். கண் சிவந்து, தலை பிளக்கிற மாதிரி வலித்து, வாந்தியோடு வருவார்கள். அதற்குள் பார்வை நரம்பு கெட்டிருந்தால், புரையை எவ்வளவு அழகாக எடுத்தாலும் போன பார்வை திரும்பாது.

கேள்வி: அம்மாவுக்கு 50 தான் ஆகிறது, அதற்குள் புரை என்கிறார்கள். வயசாளிகளுக்குத்தானே வரும்?

வயதுதான் பெரிய காரணம், ஆனால் அது மட்டும் இல்லை. வருஷக்கணக்கில் வெயிலில் வேலை, புகை போக வழியில்லாத அடுப்படி, புகைப்பழக்கம் எல்லாமே புரையை முன்கூட்டியே கொண்டுவரும். அகலமான விளிம்புள்ள தொப்பி வெயிலை நன்றாகவே குறைக்கும், செலவும் கிடையாது. கண்ணில் எப்போதாவது குச்சி, முள், இரும்புத் துகள் பட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள், அடிபட்ட கண்ணில் பல வருஷம் கழித்தும் புரை வரும். 50 வயதில் வந்திருக்கிறது என்றால் சர்க்கரையைக் கட்டாயம் பார்த்துவிடுங்கள், பலருக்குச் சர்க்கரை இருப்பதே கண் ஆஸ்பத்திரியில்தான் தெரியவருகிறது.

எனக்கு அதிகம் எரிச்சல் வருவது ஸ்டீராய்டு சொட்டு மருந்து விஷயத்தில். கண் அரிக்கிறது என்று கடையில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்குவார்கள், ரெண்டே நாளில் சிவப்பு போய்விடும், அட நல்ல மருந்து என்று அதையே மாதக்கணக்கில் போட்டுக்கொள்வார்கள், பக்கத்து வீட்டுக்கும் சிபாரிசு செய்வார்கள். அது புரையையும் கொண்டுவரும், கண் அழுத்தத்தையும் சத்தமில்லாமல் ஏற்றிவைக்கும். புரையையாவது எடுத்துவிடலாம், அழுத்தத்தால் செத்த நரம்பை என்ன செய்வது? வீட்டிலிருக்கும் குப்பியில் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், ப்ரெட்னிசோலோன் என்று ஏதாவது எழுதியிருந்தால், அதை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். மூட்டு வலிக்கும் மூச்சிரைப்புக்கும் நாள்கணக்கில் விழுங்கும் மாத்திரைகளிலும் இதே சரக்கு இருக்கலாம். அந்த மாத்திரையை மட்டும் நீங்களாகவே திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், அது வேறு ஆபத்து.

கேள்வி: புரையைச் சொட்டு மருந்திலேயே கரைக்க முடியுமாமே?

முடியாது. அப்படி விற்பவரிடமிருந்து தள்ளி நில்லுங்கள்.

கேள்வி: முகாமில் தேர்வான மாமாவுக்கு மெஷின் இல்லாமல் செய்யப்போகிறார்களாம். இலவசம் என்பதால் மட்டமான முறையா?

இல்லை. மெஷின் முறையில், அதாவது 1967-ல் சார்லஸ் கெல்மன் கொண்டுவந்த ஃபேக்கோவில், சுமார் 2 அல்லது 3 மில்லிமீட்டர் துளை வழியாக அல்ட்ராசவுண்ட் அதிர்வால் லென்ஸை நொறுக்கி உறிஞ்சுவார்கள். மற்றதில் 6, 7 மில்லிமீட்டர் அகலத்துக்குக் கண்ணின் வெள்ளைப் பகுதியில் ஒரு சுரங்கம் மாதிரி வெட்டி, லென்ஸின் கெட்டியான நடுப்பகுதியை முழுசாகவே நழுவ விடுவார்கள். அந்தச் சுரங்கம் உள்ளழுத்தத்தில் தானே மூடிக்கொள்ளும், பெரும்பாலும் தையல் தேவைப்படாது. கல்லாக இறுகிய புரையை மெஷினால் நொறுக்க நிறைய அதிர்வு செலவாகும், அது கருவிழியின் உள்பக்கச் செல்களைப் பாதிக்கும். அந்த மாதிரிக் கண்ணுக்குக் கைமுறையே பல சமயம் நல்லது. என்ன, கண்ணாடிப் பவர் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படலாம்.

மெஷினைப் பற்றிக் கேட்பதைவிட, லென்ஸ் பவரை அவருடைய கண்ணை அளந்து கணக்கிட்டார்களா, மறுநாள் யார் பார்ப்பார்கள், ஊருக்குத் திரும்பிய பிறகு ராத்திரியில் வலி வந்தால் எங்கே போவது என்று கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத முகாம் என்றால், நான் என் வீட்டு ஆளை அனுப்ப மாட்டேன்.

கேள்வி: ஆபரேஷன் முடிந்து சீழ் பிடித்துப் பார்வை போனவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டுப் பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானதுதான், ஆனால் அளவாக இருக்கட்டும். ஒழுங்கான இடத்தில் ஆயிரத்தில் ஒருவருக்கு, அல்லது அதற்கும் குறைவாகத்தான் கண்ணுக்குள் கிருமி தொற்றுகிறது. ஒரே நாளில் பலருக்கு வந்தால், தியேட்டர் சுத்தத்திலோ உள்ளே விட்ட திரவத்திலோ கோளாறு இருக்கிறதா என்றுதான் முதலில் தேட வேண்டும். ஆபரேஷனுக்கு முன் கண்ணில் 5 சதவீத போவிடோன் அயோடின் விடுவது மலிவான, பலமான காவல். முடிவில் கண்ணுக்குள்ளேயே ஆன்டிபயாடிக் செலுத்துவது இன்னொன்று, 2007-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் தொற்று சுமார் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது.

உங்கள் பக்கத்தில் செய்ய வேண்டியது, எதையும் மறைக்காமல் சொல்வது. கண்ணில் எப்போதும் நீர் வடிந்து, மூக்கோரம் அழுத்தினால் சீழ் வருகிறதா? முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும், இல்லையென்றால் அந்தக் கிருமி நேராக உள்ளே போகும். இருமல் இருந்தால் சொல்லுங்கள், அசையாமல் மல்லாந்து படுக்க வேண்டியிருக்கும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டால் அதையும். அப்புறம், ஆண்கள் சிறுநீர் அடைப்புக்குச் சாப்பிடும் டாம்சுலோசின். கண்ணுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று பலர் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். அது கண் பாப்பாவைச் சரியாக விரியவிடாது, ஆபரேஷன் நடுவே அதைச் சுற்றியிருக்கும் கருவிழித்திரை துவண்டு கத்தி போன வழியாகவே வெளியே பிதுங்கும். முன்பே தெரிந்தால் டாக்டர் அதற்கு ஏற்பாட்டோடு வருவார்.

கேள்வி: ஆபரேஷன் ஆகி எத்தனை நாளில் வயலில் இறங்கலாம்?

நடப்பது, சாப்பிடுவது, டிவி பார்ப்பதெல்லாம் மறுநாளே சரி. வயல், தூசி, குளத்துக் குளியல், பாரம் தூக்குவது இதெல்லாம் சில வாரங்களுக்கு வேண்டாம், எத்தனை வாரம் என்பதை உங்கள் டாக்டர் கண்ணைப் பார்த்துச் சொல்லட்டும். கண்ணைக் கசக்கவே கூடாது. சொட்டு மருந்து விடும்போது கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கீழ் இமையை விரலால் இறக்கி, அந்தப் பள்ளத்தில் ஒரே ஒரு சொட்டு. குப்பி நுனி இமையிலோ கண்ணிலோ படக்கூடாது. ரெண்டு மருந்து என்றால் நடுவில் அஞ்சு நிமிஷம் இடைவெளி. கண்ணாடிக்குப் பவர் பார்ப்பது ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழித்துத்தான்.

வலி கூடுகிறது, சிவப்பு ஏறுகிறது, நேற்றைவிட இன்று மங்கலாகத் தெரிகிறது என்றால் அன்றே கிளம்புங்கள். அடுத்த முகாம் வரும், பஸ் வரும், மகன் லீவில் வருவான் என்று உட்கார்ந்திருந்தால் கண் போய்விடும்.

கேள்வி: ஆபரேஷன் ஆகி மூன்று வருஷம் கழித்து அத்தைக்கு மறுபடி மங்குகிறது. புரை திரும்ப வந்துவிட்டதா?

வராது. லென்ஸைத் தாங்கும் பின்சவ்வு கலங்கியிருக்கலாம், நிறையப் பேருக்கு நடப்பதுதான். அப்படியானால் யாக் லேசரில் அதன் நடுவே ஒரு சின்னத் திறப்பு போடுவார்கள், சில நிமிட வேலை, அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் காரணம் விழித்திரையாகவும் இருக்கலாம் என்பதால், முதலில் பாப்பாவை விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.