ஆறு சிலிண்டரா, நாலு சிலிண்டரா?

கேள்வி: தினமும் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்கு வேலைக்குப் போகிறேன். பழைய ஆறு சிலிண்டர் பெட்ரோல் கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. வீட்டில் நாலு சிலிண்டர் டீசல்தான் சிக்கனம் என்கிறார்கள். எதை வாங்கலாம்? – வாசகர், கடலூர்

பதில்: கணக்குப்படி வீட்டில் சொல்வதுதான் சரி. ஆனால் அந்த ஆறு சிலிண்டரை ஓட்டிப் பார்த்துவிட்டீர்கள் போலிருக்கிறது, அதுதான் வம்பு!

நாலில் கிராங்க், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு, 180 டிகிரி திரும்பினால் சிலிண்டருக்குள் ஒரு வெடிப்பு. ஆறில் 120 டிகிரிக்கே ஒன்று. விசை விட்டுவிட்டு வராமல் ஒழுகி வரும். ஒரே வரிசை ஆறு என்றால் பிஸ்டன்களின் ஆட்டத்தை அவையே ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்ளும். நாலில் கிராங்க் வேகத்தைப் போல இரு மடங்கில் ஓர் அதிர்வு மிஞ்சும். டீசலில் சிலிண்டருக்குள் காற்றை நெருக்கும் அமுக்கமும் அதிகம், தட்டலும் அதிகம். என் பழைய டீசல் வண்டி சிக்னலில் நின்றால், பின்கண்ணாடியில் ஒரு லாரி இரண்டாகத் தெரியும்.

அதே அமுக்கம்தான் மைலேஜும் தருகிறது. நீங்கள் புதுச்சேரி எல்லைக்குள் கன்னியகோயில் பங்க்கில் பெட்ரோலைச் சல்லிசாக நிரப்பினாலும் ஆறு சிலிண்டர் குடிக்கிற குடிக்கு அந்தச் சல்லிசு போதாது. தினசரி ஓட்டத்துக்கு டீசலையே எடுங்கள். பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டியானால் முதுநகர் மார்க்கெட்டுக்கும் வீட்டுக்குமாகக் குறுந்தூரம் மட்டும் உருட்டாதீர்கள், புகை வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

மனசு கேட்கவில்லையென்றால், காலையில் இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது போய் அந்தப் பெட்ரோல் காரை ஸ்டார்ட் செய்து, நீலப்புகை வருகிறதா பாருங்கள்; வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது என்று அர்த்தம்.