நிலாக் குகைக்கு பூமியில எதுக்கு ஒத்திகை?

கேள்வி: எரிமலைக் குகைக்குள்ள விண்வெளி வீரர்களையும் ரோபோக்களையும் இறக்கி நிலாவுக்கும் செவ்வாய்க்கும் பயிற்சி குடுக்குறாங்கன்னு படிச்சேன். அங்க மூச்சு விட காத்து இல்ல, சொட்டு தண்ணி இல்ல, இங்க ரெண்டும் இருக்கு. அப்புறம் இது எப்படி அதுக்கு மாதிரி ஆகும்?

பதில்: காத்தும் தண்ணியும் ஒத்துப்போகாதுதான். ஒத்துப்போறது பாறையும் அது குகையான விதமும். நல்லா இளகி ஓடுற பசால்ட்ங்கிற கருப்பு எரிமலைப் பாறைக் குழம்பு எரிமலையில இருந்து வரும்போது, காய்ச்சின பால் மேல ஆடை படியுற மாதிரி மேல்பக்கம் ஆறி இறுகிடும், உள்ள இருக்குறது சூடு குறையாம ஓடிட்டே இருக்கும், வரத்து நின்னதும் அது வடிஞ்சு போய் வெறும் குழாய் மட்டும் மிஞ்சும், இதைத்தான் லாவா ட்யூப்னு சொல்றாங்க. ஹவாய்ல இருக்குற கசுமுரா குகை இப்படியே 65 கிலோமீட்டர் போகுது! நிலாவுலயும் செவ்வாயிலயும் ஓடினது இதே பசால்ட் குழம்புதான்.

இந்த மாதிரி குகைக்குள்ள டார்ச் அடிச்சு சுவத்தைப் பாத்தா, குழம்பு எந்த உயரத்துல கொஞ்ச காலம் நின்னு ஓடுச்சோ அங்க திண்ணை மாதிரி விளிம்பு நீட்டிட்டு நிக்கும், மட்டம் இறங்க இறங்க கோடு கோடா அடையாளம் விட்டிருக்கும், கூரையில உருகின பாறை சொட்டப் போற நேரத்துல அப்படியே உறைஞ்சு தொங்கும். பாதி வழியில எங்கயாவது கூரை இடிஞ்சு விழுந்து வானம் தெரியும், அந்த ஓட்டைக்குப் பேரு ஸ்கைலைட். பூமிக்கு வெளியில நாம கண்டுபிடிச்சதும் இந்த மாதிரி ஓட்டைகளைத்தான். 2007ல செவ்வாயோட ஆர்சியா மான்ஸ் எரிமலைச் சரிவுல ஏழு கருங்குழி தெரிஞ்சுது, 2009ல ஜப்பானோட ககுயா விண்கலம் எடுத்த படங்கள்ல நிலாவோட மாரியஸ் ஹில்ஸ் பகுதியில ஒண்ணு தெரிஞ்சுது. நம்ம சந்திரயான்-1 படங்களை வச்சு இஸ்ரோ விஞ்ஞானிகள், இடியாம இருக்குற சுமார் 1.7 கிலோமீட்டர் நீளக் குழாய் ஒண்ணு இருக்குன்னு 2011ல எழுதினாங்க, அதோட அகலம் 120 மீட்டர். எனக்கு இன்னைக்கும் அதை நினைச்சா சந்தோஷமா இருக்கு.

கேள்வி: சரி, பரந்த தரை அவ்ளோ கிடக்கும்போது குகைக்குள்ள ஏன் போகணும்?

பதில்: தரையில தங்குறதுதான் கஷ்டமே. நிலாவோட நடுப்பகுதியில பகல்ல 120 டிகிரி வரை கொதிக்கும், ராத்திரி மைனஸ் 130க்கும் கீழ போயிடும், அதுவும் ஒரு பகல்னா நமக்கு ரெண்டு வாரம். மேல காந்தப்புலமோ காத்தோ மறைக்காததால ரேடியேஷனும் விண்கல் தூளும் நேரா வந்து விழும். ஆனா நிலாவோட மாரே ட்ராங்குவிலிடாட்டிஸ் சமவெளியில இருக்குற குழியோட நிழல் பகுதி சுமார் 17 டிகிரியிலயே நிக்கும்னு 2022ல கணக்கு போட்டிருக்காங்க, ஸ்வெட்டர் போட்டா போதும்ங்கிற அளவு. அதே குழிக்கு அடியில பக்கவாட்டுல குகை ஒண்ணு நீளுதுன்னு 2024ல பழைய ராடார் தரவுல இருந்து காட்டினாங்க.

இப்ப ஒத்திகைக்கு வாங்க. குகைக்குள்ள நாலு திருப்பம் போனா ரேடியோ செத்துடும், பாறை சிக்னலை விடாது, கீழ நிக்கிற ரோபோவுக்கு மேல இருந்து யாரும் கட்டளை குடுக்க முடியாது. 2023 பிப்ரவரியில ஸ்பெயினோட லான்சரோட்டே எரிமலைத் தீவுல ஐரோப்பியக் குழு ஒண்ணு இதைத்தான் சோதிச்சுது. முதல்ல சென்சார் பெட்டி ஒண்ணை ஸ்கைலைட் வழியா உள்ள விட்டு முப்பரிமாண வரைபடம் எடுத்தாங்க, அப்புறம் பெரிய ரோவர் (சக்கர ரோபோ) விளிம்புல நங்கூரம் மாதிரி நிக்க, அதோட கயித்தைப் பிடிச்சு சின்ன ரோவர் செங்குத்தா இறங்கி, கயித்தைக் கழட்டிட்டு உள்ள தானா வழி தேடிப் போச்சு. மொத்தம் 235 மீட்டர். கேக்க கம்மியா இருக்கும், ஆனா தரை பூரா உடைஞ்ச கூர்ப்பாறை, வெளிச்சம் இல்ல, உதவிக்கு ஆள் இல்ல, அதுல 235 மீட்டர்ங்கிறது பெரிய விஷயம்ங்க.

ஒத்துப்போகாத இடத்தையும் சொல்லிடணும். நிலாவுல ஈர்ப்பு ஆறுல ஒரு பங்குதான், அதனால கூரை இடியாம ரொம்ப அகலமா நிக்க முடியும். இங்க நாம பழகுறது அதுக்கு முன்னால சந்து மாதிரி.

கேள்வி: செவ்வாய்க் குகையில உயிர் இருக்குமா?

பதில்: இருந்தா அங்க தேடுறதுதான் புத்திசாலித்தனம்னு நான் நம்புறேன், ஏன்னா மேல்தரையை ரேடியேஷன் சுட்டுடுது. கலிபோர்னியாவோட லாவா பெட்ஸ் குகைகள்ல நாசா குழு இதுக்காகவே வேலை செஞ்சிருக்கு. அங்க சுவத்துல டார்ச் பட்டா பொன்னா மின்னும், கிட்டப் போய் பாத்தா பொன் இல்ல, பாக்டீரியாக் கூட்டம், அது மேல ஒட்டாம உருண்டு நிக்கிற தண்ணி முத்துதான் மின்னுது. பக்கத்துலயே வெறும் கனிமத் திட்டும் அதே மஞ்சள்ல இருக்கும். ரெண்டையும் கேமராவை வச்சே பிரிச்சுச் சொல்ல ரோவருக்கு இங்கயே கத்துக்குடுத்துடணும், அங்க போனப்புறம் சந்தேகம் வந்தா கையால சுரண்டிப் பாக்க ஆள் கிடையாது.