மைனஸ் நாற்பது மூட்டை

பி.காம். முடித்துவிட்டு டாலி என்ற கணக்கு சாஃப்ட்வேர் கற்க ஒரு பயிற்சி நிலையத்தில் 14,000 ரூபாய் கட்டினேன். 'ஒரிஜினல் லைசென்ஸும் சேர்த்து' என்றார்கள். வீட்டில் போட்டால் 1, 2, 31 தவிர எந்தத் தேதியிலும் வவுச்சர், அதாவது கணக்குப் பதிவு, ஏறவில்லை. கம்ப்யூட்டரில் கோளாறா?
– வாசகி, விருதுநகர்

கோளாறு கம்ப்யூட்டரில் இல்லையம்மா. அது 'எஜுகேஷனல் மோட்', பழகிப் பார்ப்பதற்கான டாலி. யார் இறக்கினாலும் இலவசம். அந்தத் தேதிக் கட்டுப்பாடே அதற்கு அடையாளம். சும்மா கிடைப்பதை உங்கள் தலையில் காசுக்குக் கட்டிவிட்டார்கள். ரசீது, அவர்களுடைய விளம்பர நோட்டீஸ் இரண்டையும் வைத்து எழுத்தில் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மழுப்பினால் 1915-க்கு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். பழகிப் பார்க்க அந்த மூன்று தேதியே போதும், விட்டுவிடாதீர்கள்.

டாலியின் கிராக் காப்பி (திருட்டுப் பிரதி) 500 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?
– வாசகர், கரூர்

வேண்டாம்.

ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். சிமென்ட் இருப்பு மைனஸ் 40 மூட்டை காட்டுகிறது. கணக்கெல்லாம் பையன் பார்த்துக்கொள்கிறான். வேறு நல்ல சாஃப்ட்வேர் சொல்லுங்கள்.
– வாசகர், தென்காசி

அந்த மைனஸ் 40 மூட்டையை எந்தக் குடோனில் அடுக்கியிருக்கிறீர்கள்? லோடு இறங்கிய பில்லை ஏற்றாமல் விற்ற பில்லை மட்டும் போட்டால் எந்த சாஃப்ட்வேரும் இப்படித்தான் காட்டும். பயிற்சி நிலையங்களில் டாலிக்கு எஃப் 8 விற்பனை, எஃப் 9 கொள்முதல் என்று சாவி எண்ணைச் சொல்லிக்கொடுத்துச் சான்றிதழ் அச்சடிக்கிறார்கள். தட்டிய பிறகு பில் எங்கே போகிறது என்று ஒருவரும் சொல்வதில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வருவது அங்கேதான்.

ஒரே ஒரு கொள்முதல் பில்லோடு பையன் பக்கத்தில் உட்காருங்கள். ஏற்றியதும் இருப்பு கூடியதா? சப்ளையர் பாக்கி கூடியதா? வரி தனியாகப் பிரிந்து நிற்கிறதா? அடுத்த மாதம் 14-ஆம் தேதி வரும் ஜிஎஸ்டிஆர்-2பி-யில், அதாவது சப்ளையர்கள் காட்டிய பில்களின் ஜிஎஸ்டி பட்டியலில், அதே பில் இருக்கிறதா? இல்லையென்றால் சப்ளையர் இன்னும் காட்டவில்லை. அந்த வரியை இப்போது நீங்கள் கழிக்க முடியாது. பையனுக்குத் தனி பாஸ்வேர்ட் கொடுத்து திருத்தங்களைப் பதிந்துவைக்கும் எடிட் லாக் (Edit Log) வசதியையும் போட்டு வையுங்கள். கம்பெனிகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் அது கட்டாயம். உங்கள் தனிக்கடைக்கு இல்லை. ஆனாலும் எந்த பில்லை யார் எப்போது திருத்தினார்கள் என்று தெரியும்.

ஆண்டுச் சந்தா சாஃப்ட்வேர் வாங்கும்முன் என்ன கேட்க வேண்டும்?
– வாசகர், ஓசூர்

சந்தாவை நிறுத்தினால் பழைய கணக்கை எக்ஸெல்லில் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். ஜிஎஸ்டி கணக்குகளை ஆண்டு ரிட்டர்னின் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். அச்சகம் நடத்தியபோது, 'உங்களுக்கென்றே சாஃப்ட்வேர் எழுதித் தருகிறேன்' என்ற ஒருவரிடம் 22,000 கொடுத்தேன். பில் கல்யாணப் பத்திரிகை மாதிரி வரும். ஆடிட்டர் கணக்கைக் கேட்டபோது ஒரு பில்கூட வெளியே வரவில்லை, எழுதித் தந்தவர் போனும் அணைந்திருந்தது. ஆயிரத்துச் சொச்சம் பில்லை நானும் மனைவியும் மறுபடி தட்டினோம்.