நர்ஸ் வேலை தெரியாது, நான் போகலாமா?

கேள்வி: ஜெர்மனியில் வசிக்கிறேன். இங்கே சிகிச்சை பெறும் உக்ரைன் வீரர்களைப் பார்க்க ஒரு தன்னார்வக் குழு வாராவாரம் போகிறது, என்னையும் கூப்பிடுகிறார்கள். எனக்கு ஜெர்மன் தெரியும், அவர்கள் பாஷை தெரியாது, நர்ஸ் வேலையும் தெரியாது. போய் என்ன செய்வேன்? – ஒரு வாசகி

பதில்: கட்டாயம் போங்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது கவிஞர் வால்ட் விட்மனுக்கும் வைத்தியம் தெரியாது. 1862 டிசம்பரில், காயம்பட்டவர்கள் பட்டியலில் தம்பியின் பெயரைப் பார்த்துவிட்டுத் தேடிப் போனவர், தம்பிக்குக் கன்னத்தில் சின்ன காயம்தான் என்று தெரிந்த பிறகும் ஊருக்குத் திரும்பாமல் வாஷிங்டனுக்குப் போய்த் தங்கி, அரசு அலுவலகத்தில் நகலெழுதும் வேலை பார்த்துக்கொண்டே ஆர்மரி ஸ்குவேர் போன்ற ராணுவ மருத்துவமனைகளுக்குப் போய்வந்தார்.

அங்கே படுக்கை படுக்கையாகப் போய், யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டுச் சின்ன நோட்டில் குறித்துக்கொள்வார். ஒருவருக்கு ஆரஞ்சு, இன்னொருவருக்குப் புகையிலை, கையில் காசே இல்லாதவருக்குக் கொஞ்சம் சில்லறை, எழுத முடியாதவருக்கு வீட்டுக்கோ காதலிக்கோ ஒரு கடிதம். 1864 கோடையில் கார்வர் மருத்துவமனையில் வார்டு வார்டாக ஐஸ்கிரீம் கொடுத்திருக்கிறார், எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அது! மருத்துவப் பணிவிடையைவிடத் தான் பக்கத்தில் இருந்ததும் உற்சாகமாக இருந்ததும்தான் அதிகம் உதவியது என்று அவரே எழுதியிருக்கிறார், அதற்காகவே ஓய்வெடுத்து, குளித்து, சுத்தமான உடை போட்டு, நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் வார்டுக்குள் போவாராம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு ஜெர்மன் தெரியும் என்பதே அவர்களுக்குப் பெரிய உதவி. மருத்துவமனைப் படிவம், காப்பீட்டுக் கடிதம் எல்லாம் ஜெர்மனில்தானே வரும், போனில் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக விளக்குங்கள். செஸ், சீட்டுக்கட்டு கொண்டுபோகலாம், அதற்குப் பாஷை வேண்டாம். சாப்பிட ஏதாவது கொடுப்பதென்றால் முதலில் நர்ஸிடம் கேளுங்கள். போர்க்களத்தில் என்ன நடந்தது என்று நீங்களாகக் கேட்காதீர்கள், அவர்களாகச் சொன்னால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். போட்டோ வேண்டவே வேண்டாம். ஐயோ பாவம் என்று முகத்தை வைத்துக்கொள்வதும் வேண்டாம், கால் போன பையனுக்கு அது வலியைவிட மோசம்.

அப்புறம், உங்கள் உடம்பு. விட்மன் 1864 கோடையில் உடல்நலம் கெட்டு சொந்த ஊரான ப்ரூக்ளினுக்குத் திரும்பிப் போய், 1865 ஜனவரியில்தான் மறுபடி வாஷிங்டன் வந்தார். அதனால் ஆசையில் தினமும் வருகிறேன் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள், வாரம் ஒரு நாள் என்றால் அந்த ஒரு நாளைத் தவறவிடாமல் போங்கள். முடியாத வாரத்தில் குழுவிடம் முன்கூட்டியே சொல்லி வேறு யாரையாவது அனுப்பச் சொல்லுங்கள்.