வயதான குதிரையை வழியனுப்புவது: மிருக வைத்தியரிடம் கேளுங்கள்

களுவாஞ்சிக்குடியிலிருந்து: நுவரெலியாவில் சவாரிக்கு நின்ற மட்டக்குதிரையை அப்பா வாங்கி வந்தார். இப்போது அவளுக்கு 27 வயது. முன்கால்களை நீட்டிப் பின்னால் சாய்ந்து நிற்கிறாள், புல்லை மென்று உருண்டையாகத் துப்புகிறாள். "தானாகப் போகட்டும்" என்கிறா அம்மா. என்ன செய்யலாம் டொக்டர்?

தங்கச்சி, உருண்டையாகத் துப்புவது கடைவாய்ப்பல் தேய்ந்ததால். அதற்கு வழி இருக்கிறது, தீனியை ஊறவைத்துக் கூழாகக் கொடுங்கள். உலர்ந்த தவிடு மட்டும் வேண்டவே வேண்டாம், உணவுக்குழாயில் அடைத்து மூக்கால் வரும். பெரிய பிரச்சினை குளம்புதான். குளம்பின் வெளிச்சுவரையும் உள்ளெலும்பையும் சேர்த்துப் பிடித்திருக்கிற திசு அழன்று விட்டுக்கொடுக்கும்போதுதான் குதிரை அப்படிச் சாய்ந்து நிற்கும். எலும்பு கீழே இறங்கிவிட்டால் வைக்கிற ஒவ்வொரு அடியும் நோவு. இந்த வெக்கையிலும் முடி உதிராமல் நீண்டு சுருண்டிருந்தால் மூளைக்கு அடியில் இருக்கிற கபச்சுரப்பியில் கோளாறும் இருக்கலாம், வயதான மட்டக்குதிரைகளில் இரண்டும் சேர்ந்தே வருவதுண்டு.

தானாகப் போகட்டும் என்பது கேட்க நல்லாயிருக்கும். ஆனால் விழுந்த குதிரை எழும்ப முடியாமல் தன் பாரத்தாலேயே தசை நசிந்து மணிக்கணக்கில் காலை அடித்துக்கொண்டு கிடக்கும், அல்லது வயிற்றுக்குத்து வரும். குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது, இரைப்பை வீங்கி வெடித்துப்போவதும் உண்டு. அம்மாவிடம் இதை அப்படியே சொல்லுங்கள். சொந்தக் காலில் எழும்பி நிற்கிற நாளிலேயே, வெயில் ஏறுமுன் வைத்தியரை வரச்சொல்லுங்கள். முதலில் மயக்க ஊசி, பிறகு இரத்தக் குழாயில் உயிரைப் போக்கும் ஊசி. சட்டென்று சரிந்துவிடுவாள். கண் மூடாது, ஓரிரு முறை மூச்சு இழுபடும், அது நோவில்லை. பிள்ளைகள் நிற்பதென்றால் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

செங்கலடியிலிருந்து: நோவுக்கு வீட்டில் இருக்கிற மாத்திரை கொடுக்கலாமா?

வேண்டாம். இரைப்பை புண்ணாகும், சிறுநீரகம் கெடும்.

கல்லடியிலிருந்து: வளவுக்குள்ளேயே புதைக்கலாமா?

உங்கள் பக்கம் வாவிக்கும் கடலுக்கும் நடுவில் வெறும் மணல், கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வரும், மாரியில் சொல்லவே வேண்டாம், பக்கத்தில் கிணறுகள் வேறு. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் உறவுக்காரரின் மேட்டுக்காணி இருந்தால் அங்கே ஆழமாகப் புதையுங்கள், பிரதேச சபையிலும் ஒரு வார்த்தை கேளுங்கள். பெக்கோ இயந்திரத்தை வைத்தியர் வருமுன்பே பிடித்துக் குழியை வெட்டிவையுங்கள். அந்த ஊசி மருந்து உடம்பிலேயே தங்கும், தோண்டித் தின்கிற நாயும் செத்துப்போகும்.

ஆரையம்பதியிலிருந்து: டொக்டர், வளர்த்த கையாலேயே கொல்வது பாவம். மாதவனைப் பக்கம் மேய்ச்சலில் விட்டால் அதன் விதிப்படி போகும்தானே?

பல்லில்லாத குதிரை மேய்ச்சல் தரையில் என்னத்தை மேயும் ஐயா? காடு பக்கத்தில், யானை வரும் இடம். நீங்கள் பார்க்காத இடத்தில் பட்டினியால் சாகும், அவ்வளவுதான்.

அக்கரைப்பற்றிலிருந்து: ஐயா சொல்வதிலும் ஞாயம் இருக்கு டொக்டர். எங்கட வாப்பா வண்டில் மாட்டைக் கடைசிவரை கட்டிவைத்துத்தான் பார்த்தார்.

வாப்பா அதைக் கட்டிவைத்துத் தண்ணீர் காட்டினார் தம்பி, காட்டில் கொண்டுபோய் விடவில்லை. அப்படிப் பக்கத்தில் இருந்து பார்ப்பவரோடு எனக்குச் சண்டையில்லை, நோவு தாங்குகிற அளவில் இருக்கும்வரை.

மறுபடி ஆரையம்பதி: அப்போ கர்மத்துக்கு யார் பொறுப்பு?

பாவ புண்ணியத்தைக் குருக்களிடம் கேளுங்கள் ஐயா, பல்லையும் குளம்பையும் என்னிடம் கேளுங்கள். மேய்ச்சலில் விடுகிற கதையை நான் இதோடு நிறுத்துகிறேன்.

ஏறாவூரிலிருந்து: எங்கள் கிழக்குதிரை நொண்டுகிறது, பனடோல் கொடுக்கலாமா?

செங்கலடிக்காரருக்குச் சொன்னதுபோல வீட்டு மாத்திரை வேண்டாம். உலர்ந்த தவிடும் வேண்டாம், நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

கல்முனையிலிருந்து: பசுவுக்கு வாயில் புண், எச்சில் வடிகிறது.

கால் வாய் நோயாக இருக்கலாம், பரவும். மற்ற மாடுகளிலிருந்து பிரித்துவிட்டு இன்றைக்கே அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

வாழைச்சேனையிலிருந்து: இதையெல்லாம் வாசித்ததும் எனக்கும் ஒரு குதிரைக்குட்டி வளர்க்க ஆசை. என்ன விலை வரும்?

6 முதல் 8 கிழமைக்கு ஒருமுறை வந்து குளம்பு சீவித்தர ஓர் ஆளைப் பிடித்துவிட்டு வந்து விலையைக் கேளுங்கள்.