மரம் எண்ணும் வேலைக்குச் சம்பளம் உண்டா?

தாவரவியல் இரண்டாமாண்டு படிக்கும் மகள் ஜி.ஐ.எஸ். பக்கம், அதாவது மரம் போன்றவற்றின் இடத்தையும் விவரத்தையும் கணினி வரைபடத்தில் பதிவு செய்யும் துறைக்குப் போக விரும்புகிறார். மரம் எண்ணுவதற்கு யார் சம்பளம் தருவார்கள் என்பது உங்கள் கவலை. மாநகராட்சியிலிருந்து அந்தப் பெயரில் வேலை விளம்பரம் வரும் என்று காத்திருக்க வேண்டாம். இந்த வேலை பெரும்பாலும் ஒப்பந்தம் எடுக்கும் சர்வே நிறுவனங்கள் வழியாகவும், சாலைத் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அறிக்கை தயாரிப்பவர்கள் வழியாகவும் வரும். அங்கே மென்பொருள் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. வாகையையும் தூங்குமூஞ்சியையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்கள்தான் குறைவு. உங்கள் மகள் அந்த இடத்தைப் பிடிக்கலாம்.

பயிற்சி மையத்துக்கு உடனே பணம் கட்ட வேண்டாம். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம், களத்தில் பதிவு செய்ய கைபேசியில் அதனோடு இணைந்து இயங்கும் கியூஃபீல்டு செயலி போதும். இஸ்ரோவைச் சேர்ந்த டேராடூன் தொலையுணர்வு நிறுவனம் இணையவழியில் இலவச வகுப்புகள் நடத்துகிறது.

முதலில் கல்லூரி வளாகத்திலோ, அனுமதி பெற்று ஒரு பூங்காவிலோ நூறு மரங்களைப் பதிவு செய்யட்டும். மர எண், இனம், தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் அடிமரச் சுற்றளவு, மின்கம்பி அருகில் உள்ளதா, வேரைச் சுற்றி சிமென்ட் பூசியிருக்கிறதா, புகைப்படம் ஆகியவை போதும். அந்த உயரத்துக்குக் கீழேயே கிளை பிரிந்திருந்தால் ஒவ்வொரு தண்டையும் தனியாக அளக்க வேண்டும். ஆலமர விழுதுகளை எப்படிக் கணக்கிடுவது என்பதை முன்பே முடிவு செய்துவிடுவது நல்லது.

இனப்பெயரைத் தட்டச்சு செய்யவிடாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி வையுங்கள். வேம்பு, வேப்பமரம், நீம் என்று மூன்று விதமாகப் பதிவானால் ஒரே இனம் மூன்றாக எண்ணப்படும். அடர்ந்த நிழலில் ஜி.பி.எஸ். பத்து மீட்டர் வரைகூட விலகும். செயற்கைக்கோள் படத்தை வைத்துப் புள்ளியைச் சரி செய்ய வேண்டும். அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் மதுரை மரம் வட துருவத்தருகே கடலில் போய் நிற்கும்.

இன்னொரு சிக்கல், அளவீட்டு முறை. மின்கம்பியிலிருந்து 5 மீட்டருக்குள் உள்ள மரங்களைத் தேடும்போது வரைபடம் டிகிரியில் இருந்தால், மென்பொருள் 5 டிகிரி என்று எடுத்துக்கொண்டு இலங்கையையும் வளைத்துப் போடும். பூமியைத் தீர்க்கரேகை வாரியாக மண்டலங்களாகப் பிரித்து அளக்கும் யு.டி.எம். முறைக்கு மாற்றினால் மீட்டரில் வரும். மதுரை நகரம் 44ஆம் மண்டலம். ஆனால் மண்டல எல்லையான 78 டிகிரி தீர்க்கரேகை நகருக்கு மேற்கே சற்றுத் தள்ளித்தான் ஓடுகிறது. உசிலம்பட்டி 43இல் விழும். மாவட்டம் முழுவதையும் ஒரே கோப்பில் சேர்ப்பவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள்.

பூங்காப் பராமரிப்புக்கு இதைவிட முக்கியமானது, ஆய்வுக் குறிப்புகளைத் தனி அட்டவணையில் வைத்து மர எண்ணால் இணைப்பது. 'மரத்தின் நிலை' என்ற ஒரே கட்டத்தை ஒவ்வொரு முறையும் திருத்தினால், போன வருடம் எந்தக் கிளையை வெட்டினார்கள் என்பது அழிந்துபோகும். இதைச் செய்யத் தெரிந்தவருக்கு நேர்காணலில் தனி மதிப்பு உண்டு.

செயற்கைக்கோளே எல்லாவற்றையும் பார்த்துவிடுமே என்று சிலர் சொல்வார்கள். இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு கட்டம் தரையில் 10 மீட்டர்; தெருவோர வேம்பு அதில் தனியாகத் தெரியாது. களத்துக்குப் போகாமல் முடியாது.

அடுத்து எம்.எஸ்சி. புவித்தகவலியல் (ஜி.ஐ.எஸ். சார்ந்த பட்டமேற்படிப்பு) படிக்க நினைத்தால், தாவரவியல் பட்டத்தை ஏற்கிறார்களா என்று விண்ணப்பிக்கும் முன்பே கேளுங்கள். சில இடங்களில் கணிதம் கேட்பார்கள். தனியார் மையமானால், மாணவர்கள் களத்தில் தாங்களே திரட்டிய தரவில் பயிற்சி தருகிறார்களா என்பதை விசாரித்த பிறகு கட்டணம் பற்றிப் பேசுங்கள்.