நீலகிரி மாதிரி சின்ன ஊர்களில் இருக்கும் பால்புதுமையினர் (தன் பாலினத்தவரை நேசிப்பவர்கள், திருநர் போன்றவர்கள்) தயங்காமல் டாக்டரிடம் போக என்ன வழி?

நான் கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்ட லைன் வீட்டில் வளர்ந்தவள். பெண்ணை நேசிக்கும் பெண். இப்போது குன்னூரில் என் துணையோடு இருக்கிறேன். அதனால் பெண்கள் பக்கமிருந்துதான் அதிகம் சொல்ல முடியும்.

மலையில் தயக்கத்துக்குக் காரணம் டாக்டர் மட்டும் இல்லை. ஓ.பி. சீட்டு எழுதுபவர் கூடப் படித்தவராக இருப்பார், நர்ஸ் அம்மாவுக்குத் தங்கை முறையாக இருப்பார், மெடிக்கல் கடைக்காரர் அப்பாவுக்குத் தெரிந்தவராக இருப்பார். காலையில் சொன்னது சாயங்காலத்துக்குள் வீடு வந்து சேர்ந்துவிடும் என்ற பயம் நியாயமானதுதான்.

அப்புறம் அந்தக் கேள்வி: "கல்யாணம் ஆயிடுச்சா?" இல்லை என்றால் உடலுறவே இல்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். வெள்ளைப்படுதல் அதிகமாகி ஒரு கிளினிக்குப் போனேன். இல்லை என்றதும் பரிசோதிக்காமலே மாத்திரை எழுதி, "சீக்கிரம் கல்யாணம் பண்ணிக்கோ, சரியாயிடும்" என்று அனுப்பிவிட்டார்கள். இப்படி ஒருமுறை நடந்தால் போதும், டாக்டர் என்றாலே மனம் விலகிப் போகும்.

அதுதான் ஆபத்து. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸ் பெண்ணிடமிருந்து பெண்ணுக்கும் பரவும். 30 வயது தாண்டிய பெண்களுக்கு அரசு மருத்துவமனைகளில் இலவசப் பரிசோதனை உண்டு. கல்யாணம் ஆகாதவர்களைப் பெரும்பாலும் அதற்குக் கூப்பிட மாட்டார்கள், நாமே கேட்டுச் செய்துகொள்ள வேண்டும். கருப்பைவாய் இருக்கிற திருநம்பிகளுக்கும் (பிறந்தபோது பெண் என்று சொல்லப்பட்ட ஆண்கள்) இது அவசியம். பெண்கள் வரிசையில் போய் நில்லுங்கள் என்று சொன்னால் அவர்கள் எப்படி வருவார்கள்?

முழுக் கதையையும் சொல்ல வேண்டியதில்லை. சீட்டு எழுதும் இடத்தில் 'வயிற்று வலி' போதும். உள்ளே போய்க் கதவு சாத்தியபின் டாக்டரிடம் மட்டும், "கல்யாணம் ஆகலை, ஆனா துணை உண்டு, அவங்களும் பெண்தான்" என்று சொல்லுங்கள். நான் இப்போது பார்க்கும் டாக்டரம்மா அதைக் கேட்டு முகம் மாறாமல், "சரிம்மா, எத்தனை நாளா இருக்கு?" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. உள்ளூரில் வாயே வரவில்லை என்றால் மேட்டுப்பாளையமோ கோவையோ இறங்கிப் பார்த்துக்கொள்ளுங்கள், தப்பே இல்லை.

ஆனால் சிலவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது. ஆணுறை கிழிந்து எச்.ஐ.வி. பயம் வந்தால் தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். ஐப்பசி மழையில் மண் சரிந்து மலைப்பாதையே மூடிவிடும் ஊர் இது. அடுத்த வாரம் கோவை போய்க்கொள்ளலாம் என்று இருக்காமல், அன்றைக்கே பக்கத்து அரசு மருத்துவமனையில் கேளுங்கள். நம்பிக்கை மையம் என்ற அரசு எச்.ஐ.வி. ஆலோசனை மையத்தில் பரிசோதனை இலவசம். உங்கள் முடிவை அங்கே இருப்பவர்கள் உங்கள் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் சொல்கிறது.

'உங்கள் ஈர்ப்பை மாற்றிவிடுகிறேன்' என்று எந்த டாக்டராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அந்த வேலைக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் தடை போட்டது. தேசிய மருத்துவ ஆணையமும் 2022இல் அதைத் தொழில் நெறிமீறல் என்று அறிவித்துவிட்டது. மனம் தாங்கவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண்ணான 14416க்கு எந்த நேரமும் கூப்பிட்டுத் தமிழில் பேசலாம், காசு கிடையாது. லைன் வீட்டில் ஒரு சுவர்தான் நடுவில், அதனால் வெளியே நடந்து போய்ப் பேசுங்கள்.

இதைப் படிக்கும் நர்ஸ் அக்காக்களுக்கு ஒரு வேண்டுகோள். "கல்யாணம் ஆயிடுச்சா?" என்பதற்குப் பதில், "உங்களுக்குத் துணை உண்டா? ஆணா, பெண்ணா?" என்று கேட்டுப் பாருங்கள். கூட வந்திருக்கும் அம்மாவை முதலில் வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.